ஆவணம் இல்லாத வாழ்க்கைகள்: நிறக்கோட்டைக் கடந்தவர்களும் அவர்களைப் பற்றிய நாவல்களும்

1925-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், நியூயார்க் மாநிலத்தின் வொயிட் பிளெயின்ஸ் நகர நீதிமன்றத்தில் ஒரு திருமண வழக்கு நடந்தது. லெனர்ட் ரைன்லேண்டர் என்ற பெருஞ்செல்வக் குடும்பத்து இளைஞர், முந்தைய ஆண்டு அக்டோபரில் தாம் மணந்துகொண்ட ஆலிஸ் ஜோன்ஸ், தம் உடலில் கறுப்பின இரத்தம் ஓடுவதை மறைத்துத் தம்மை ஏமாற்றிவிட்டார் என்றும், ஆகவே அந்தத் திருமணமே செல்லாது என்றும் முறையிட்டிருந்தார். நியூயார்க்கில் கலப்புத் திருமணத்துக்குச் சட்டத் தடை இல்லாததால்தான் வழக்கு மோசடி என்ற பெயரில் வந்தது. ஆலிஸின் சார்பில் வாதாடிய வழக்கறிஞர் எடுத்த வழி இன்று வாசிக்கும்போதும் நெஞ்சைப் பிசைகிறது. திருமணத்துக்கு முன்பே மனைவியின் உடலைப் பார்த்திருந்த ஒருவருக்கு அவருடைய நிறம் தெரியாமல் இருந்திருக்க முடியுமா என்பதை ஜூரிகளே நேரில் பார்த்து முடிவு செய்யட்டும் என்றார் அவர். வெள்ளைக்கார ஆண்கள் மட்டுமே அடங்கிய அந்த ஜூரியின் முன்னால், மூடிய அறைக்குள், ஆலிஸ் அழுதுகொண்டே மேலங்கியை விலக்கித் தோளையும் முதுகையும் கால்களையும் காட்ட வேண்டியிருந்தது. டிசம்பர் 5-ஆம் தேதி ஜூரி அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னது. கணவருக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது, மனைவி எதையும் மறைக்கவில்லை என்பது முடிவு. தம் உடம்பையே தமக்கு எதிரான சாட்சியாக ஒப்புக்கொடுத்துத்தான் அவரால் வழக்கில் வெல்ல முடிந்தது.

இனம் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையின் மீதுதான் அன்றைய அமெரிக்காவின் தனி ரயில் பெட்டிகளும், தனிப் பள்ளிகளும், தனிக் கல்லறைகளும் எழுப்பப்பட்டிருந்தன. பார்த்தவுடன் தெரிந்துவிடுமானால், படித்த குடும்பத்து இளைஞர் ஒருவர் தாம் ஏமாந்துபோனேன் என்று வழக்காடவும் அதை நீதிமன்றம் வாரக்கணக்கில் விசாரிக்கவும் என்ன தேவை இருந்தது? கண் தவறக்கூடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வெளுத்த தோலும் நீண்ட மூக்கும் சுருளாத கூந்தலும் கொண்ட கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அடிமை முறைக் காலத்தில் எசமானர்கள் அடிமைப் பெண்களின் மீது செலுத்திய வன்முறையின் வழித்தோன்றல்கள் அவர்களில் பலர். அவர்களுள் ஒரு பகுதியினர் ஊர் மாறி, பெயர் மாறி, வெள்ளையராக வாழத் தொடங்கினார்கள். ஆங்கிலத்தில் இதற்கு 'பாஸிங்' என்று பெயர்.

தமிழில் இதை எப்படிச் சொல்வது என்பது சிறு சிக்கல்தான் என்றாலும், அதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் விஷயமே தெளிவாகிறது. 'நிறம் மறைத்தல்' என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் இவர்கள் நிறத்தை மறைக்கவே இல்லை. தோல் எல்லோர் கண்ணுக்கும் எதிரே இருந்தது, மறைக்கப்பட்டது வம்சாவளி. அக்கால அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சில் 'கோட்டைத் தாண்டிப் போய்விட்டாள்' என்ற பொருளில் ஒரு வழக்கு இருந்தது. அதை ஒட்டி, கோடு கடத்தல் என்று நான் எழுத விரும்புகிறேன். 'கட' என்ற வினையிலிருந்து வந்தால் கடத்தல் என்பது தாண்டிச் செல்லுதல். 'கடத்து' என்ற வினையிலிருந்து வந்தால் அது கள்ளச் சரக்கை எல்லை தாண்டிக் கொண்டுபோதல். இரண்டு பொருளும் இங்கே தேவைப்படுகின்றன. தம்மைத் தாமே கள்ளச் சரக்காகக் கடத்திக்கொண்டு போனவர்களின் கதை இது.

அந்தக் கோட்டை யார் கிழித்தார்கள் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். 1892 ஜூன் 7-ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸில் ஹோமர் பிளெஸ்ஸி என்ற செருப்புத் தொழிலாளி முதல் வகுப்புச் சீட்டு வாங்கி வெள்ளையர் பெட்டியில் ஏறி அமர்ந்தார். லூசியானா மாநிலம் 1890-இல் இயற்றிய தனிப்பெட்டிச் சட்டத்தை எதிர்க்க, அந்நகரக் குடிமக்கள் குழு ஒன்று முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்த ஏற்பாடு அது. அவருடைய முன்னோரில் எட்டில் ஒரு பங்கினர் மட்டுமே ஆப்பிரிக்க வழியினர். பார்த்தால் தெரியாது என்பதால், தாம் கறுப்பினத்தவர் என்பதை அவரே வாய்திறந்து சொல்ல வேண்டியிருந்தது. கைது செய்யத் துப்பறிவாளர் ஒருவரையும் அந்தக் குழுவே அமர்த்தியிருந்தது. பிளெஸ்ஸிக்காக வாதாடிய வழக்கறிஞர் ஆல்பியன் டூர்ஜே, வெள்ளையர் என்று ஊரில் பெற்றிருக்கும் பெயர் ஒரு சொத்து, ரயில் நடத்துநர் ஒருவரின் பார்வையை வைத்து அதை ஒருவரிடமிருந்து பறிக்க முடியாது என்றார். உச்ச நீதிமன்றம் 1896 மே 18-ஆம் தேதி, 7-க்கு 1 என்ற கணக்கில், அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. 'தனித்தனி, ஆனால் சமம்' என்ற கோட்பாட்டுக்குச் சட்ட முத்திரை கிடைத்த நாள் அது. ஆனால் வெள்ளைத்தன்மை ஒரு சொத்து என்ற அந்த வாதம் வீண்போகவில்லை. கோடு கடத்தலைப் பற்றிய நல்ல நாவல்கள் எல்லாமே அந்தச் சொத்தின் விலை என்ன, அதை யார் கொடுத்தார்கள் என்ற கணக்கைத்தான் போட்டுப் பார்க்கின்றன.

யார் கறுப்பர் என்பதற்கான வரையறை மாநிலத்துக்கு மாநிலம் மாறியது. ஓரிடத்தில் எட்டில் ஒரு பங்கு, இன்னோரிடத்தில் பதினாறில் ஒரு பங்கு. ரயிலில் மாநில எல்லையைத் தாண்டும்போது ஒருவருடைய இனமே சட்டப்படி மாறிப்போகக் கூடிய நிலை அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது 'ஒரு துளி' விதியாக இறுகியது. 1924-இல் வர்ஜீனியா இயற்றிய இனத்தூய்மைச் சட்டத்தின்படி, வெள்ளையரல்லாத இரத்தத்தின் எந்தச் சாயலும் இல்லாதவரே வெள்ளையர். பூர்வகுடி இளவரசி போக்கஹோண்டஸின் வழி வந்தவர்கள் என்று பெருமை பேசிக்கொண்ட மேல்தட்டுக் குடும்பங்களுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்பதற்காகப் பூர்வகுடி இரத்தம் பதினாறில் ஒரு பங்கு வரை இருக்கலாம் என்று அதே சட்டத்தில் விலக்கும் கொடுத்திருந்தார்கள். அம்மாநிலப் பிறப்பு இறப்புப் பதிவுத் துறையின் தலைவராக 1912 முதல் 1946 வரை இருந்த வால்டர் பிளெக்கர், வாழ்நாளெல்லாம் இந்த ஒரே வேலையில் மூழ்கிக் கிடந்தார். கோடு கடக்க முயல்வதாக அவர் சந்தேகித்த குடும்பங்களின் பெயர்களை மாவட்ட வாரியாகப் பட்டியலிட்டு 1943-இல் உள்ளூர் அலுவலர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். தோல் காட்டிக்கொடுக்காததைத் தாள் காட்டிக்கொடுக்க வேண்டும் என்பது அவர் திட்டம். கலப்புத் திருமணத்தைத் தடை செய்த அந்தச் சட்டப் பகுதி 1967-இல்தான் உச்ச நீதிமன்றத்தில் வீழ்ந்தது.

இந்தக் கோட்டின் அபத்தம் நம் நாட்டுப் பெயரோடும் ஓரிடத்தில் சேர்கிறது. 1947-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஜெஸ்ஸி ரூட்டே என்ற கறுப்பினப் பாதிரியார், ஊதா நிறத் தலைப்பாகையும் நீண்ட அங்கியும் அணிந்து அலபாமா மாநிலத்தின் மொபீல் நகருக்குப் போனார். சில ஆண்டுகளுக்கு முன் அதே ஊரில் அவமதிக்கப்பட்டவரை, இம்முறை ஏதோ கீழ்த்திசைப் பிரமுகர் என்று எண்ணி மரியாதையோடு நடத்தினார்கள். தோல் அதேதான், தலையில் சுற்றிய துணி மட்டுமே புதிது. செயின்ட் லூயிஸில் பிறந்த ஜான் ரெட் என்ற கறுப்பின இசைக்கலைஞர், கோர்லா பண்டிட் என்று பெயர் வைத்துக்கொண்டு, டெல்லியில் பிறந்தவராகத் தம்மைச் சொல்லிக்கொண்டு, 1949 முதல் லாஸ் ஏஞ்சலஸ் தொலைக்காட்சியில் தலைப்பாகையோடு ஆர்கன் வாசித்தார். 1998-இல் அவர் இறந்து சில ஆண்டுகள் ஆன பிறகே உண்மை வெளிவந்தது. இதற்கு நேர் எதிரான ஒரு காட்சியும் உண்டு. 1941-இல் லூசியானா வழியாக ரயிலில் சென்ற கமலாதேவி சட்டோபாத்யாயாவை வெள்ளையர் பெட்டியிலிருந்து எழுந்துபோகச் சொன்ன நடத்துநர், அவர் இந்தியர் என்று தெரிந்ததும் தயங்கினார். அந்த விலக்கு கமலாதேவிக்குத் தேவைப்படவில்லை. தாமும் நிறமுள்ள பெண்தான், இடத்தை விட்டு எழப்போவதில்லை என்று சொல்லி அங்கேயே அமர்ந்திருந்தார். விலக்கை ஏற்றிருந்தால் பயணம் சுலபமாக முடிந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த மறுப்பின் எடை விளங்கும்.

கோடு கடத்தல் எல்லோருக்கும் ஒரே விதமாக நடக்கவில்லை. பகலில் வெள்ளையராகக் கடையிலோ அலுவலகத்திலோ வேலை பார்த்துவிட்டு, மாலையில் கறுப்பராக வீடு திரும்பியவர்கள் பலர். ரயிலில் நல்ல இருக்கைக்காக, உணவகத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக, ஒரு நாடகம் பார்ப்பதற்காக அவ்வப்போது கடந்து வந்தவர்களும் உண்டு. முழுவதுமாகக் கடப்பது வேறு விஷயம். தாயின் சாவுக்குப் போக முடியாது, பாட்டியின் புகைப்படத்தைச் சுவரில் மாட்ட முடியாது, பிள்ளை எந்த நிறத்தில் பிறக்குமோ என்ற அச்சத்தோடு பத்து மாதம் சுமக்க வேண்டும். அடையாளம் கண்டுகொள்ளும் ஆபத்து வெள்ளையரிடமிருந்து வருவது குறைவு. பழகிய முகச்சாடையை, நடையை, பேச்சின் ஏற்ற இறக்கத்தைச் சட்டென்று கண்டுகொள்பவர்கள் சொந்த மக்களே. அவர்கள் கண்டுகொண்டும் வாய்திறக்கவில்லை என்பது இந்த வரலாற்றின் மிகப் பெரிய செய்தி என்று எனக்குத் தோன்றுகிறது. போனவர் மீது கோபம் இருந்தாலும், அவரைக் காட்டிக்கொடுப்பது பிளெக்கர் போன்றவர்களுக்கு வேலை செய்வதாகும் என்ற புரிதல், எழுதப்படாத சட்டமாகப் புழங்கியது.

இந்த மௌனமே பிற்கால வரலாற்றாசிரியரின் கையைக் கட்டிப்போடுகிறது. வெற்றிகரமாகக் கோடு கடந்தவர் தடயம் விட்டுச் செல்வதில்லை. கடிதங்கள் எரிந்திருக்கும், பெயர் மாறியிருக்கும், பிள்ளைகளுக்கே தெரிந்திருக்காது. மக்கள்தொகைக் கணக்கேடுகளில் ஒரே ஆள் ஒரு பத்தாண்டில் 'முலாட்டோ' (கலப்பினத்தவர்) என்றும் அடுத்த பத்தாண்டில் 'வெள்ளை' என்றும் பதிவாகியிருப்பதை ஆய்வாளர்கள் தேடிப் பிடிக்கிறார்கள். அந்த மாற்றத்தை எழுதியவர் கதவைத் தட்டிய கணக்கெடுப்பாளர், தம் கண்ணை நம்பி எழுதியவர். வீட்டுக்குள் இருந்தவரின் மனம் அந்த ஏட்டில் இல்லை. நமக்குப் பெயரோடு தெரிந்தவர்கள் எல்லாம் பிடிபட்டவர்கள், திரும்பி வந்தவர்கள், அல்லது இறந்தபின் பிள்ளைகளால் கண்டுபிடிக்கப்பட்டவர்கள். நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் புகழ்பெற்ற நூல் விமர்சகர் அனட்டோல் புரொய்யார்ட் 1990-இல் மரணப் படுக்கையில் கிடந்தபோதுதான், அவருடைய பிள்ளைகளுக்குத் தங்கள் தந்தை நியூ ஆர்லியன்ஸின் கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் என்பது தெரியவந்தது. அதையும் சொன்னவர் தாய்தான். வரலாற்றாசிரியர் ஆலிசன் ஹாப்ஸ் 2014-இல் கோடு கடத்தலின் வரலாற்றை எழுதியபோது, அவரைத் தூண்டியது ஏட்டில் இல்லாத ஒரு குடும்பக் கதை. சிகாகோவில் வளர்ந்த உறவுக்காரப் பெண் ஒருவரை, அவருடைய தாயே வற்புறுத்தி வெள்ளையராக வாழும்படி கலிபோர்னியாவுக்கு அனுப்பிவைத்தார். ஆண்டுகள் கழித்து அதே தாய், தந்தை சாகக் கிடக்கிறார், உடனே புறப்பட்டு வா என்று தொலைபேசியில் அழைத்தபோது, மகளால் வர முடியவில்லை. அவர் இப்போது வெள்ளைக்காரப் பெண், திரும்பும் வழி அடைபட்டுவிட்டது.

இத்தகைய ஒரு தொலைபேசி அழைப்பின் மறுமுனையில் இருந்தவரைப் பற்றி எழுத, வரலாற்றாசிரியரிடம் எந்தத் தாளும் இல்லை. நாவலாசிரியரின் வேலை அங்கே தொடங்குகிறது. ஆகவே இவ்வகை நாவல்களை வரலாற்றுக்கு மேல் பூசிய அலங்காரமாக நான் பார்ப்பதில்லை. பிடிபடாதவர்களின் வாழ்க்கைக்கு வேறு எந்த இடமும் இல்லாதபோது, புனைவு ஒன்றே அதற்கான இருப்பிடமாகிறது. அதே காரணத்தால் அதன் பொறுப்பும் கூடுகிறது, ஏனெனில் அது தவறாகச் சொன்னால் சரிபார்க்க யாரிடமும் எதுவும் இல்லை.

புனைவுக்கும் ஆவணத்துக்கும் இடையிலான இந்த உறவை முதலில் உணர்ந்து பயன்படுத்தியவர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன். 1912-இல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வந்த 'ஒரு முன்னாள் கறுப்பரின் தன்வரலாறு' என்ற அவருடைய நாவலை வாசகர்களில் பலர் உண்மையான தன்வரலாறு என்றே நம்பினார்கள். அதாவது அந்த நூலே தன் இனத்தை மாற்றிக்கொண்டு, புனைவு என்ற அடையாளத்தை மறைத்து, ஆவணமாக உலவியது. 1927-இல் மறுபதிப்பில்தான் அவர் தம் பெயரைப் போட்டார். அதன் கதைசொல்லி தென்மாநிலத்தில் ஒரு மனிதரைக் கும்பல் உயிரோடு எரிப்பதைப் பார்க்கிறான். அவனைக் கோடு கடக்க வைப்பது அச்சத்தைவிட வெட்கம்: இப்படி நடத்தப்படக் கூடிய ஒரு மக்கள் கூட்டத்தில் தானும் ஒருவன் என்ற வெட்கம். பாதிக்கப்பட்டவனின் மேல் ஏறிக்கொள்ளும் அந்த வெட்கத்தை அத்தனை நேர்மையாக எழுதிய இன்னொரு நூலை நான் வாசித்ததில்லை. அதற்கு முன் எழுதியவர்கள், சார்லஸ் செஸ்நட் போன்ற திறமையானவர்களும்கூட, கோடு கடக்கும் பெண்ணைப் பெரும்பாலும் சாகடித்தே கதையை முடித்தார்கள். கலப்பினப் பெண்ணுக்குச் சோக முடிவு என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தேய்ந்த அச்சு.

நெல்லா லார்சனின் 'பாஸிங்' 1929-இல் வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் அதிலும் அதே அச்சுதான்: கோடு கடந்த கிளேர் கடைசியில் மாடி ஜன்னலிலிருந்து விழுந்து சாகிறாள். ஆனால் லார்சன் கதையைக் கிளேரின் கண் வழியாகச் சொல்லவில்லை. நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் மருத்துவரின் மனைவியாக, கறுப்பினச் சமூகப் பணிகளில் முன்னிற்கும் கௌரவமான பெண்ணாக வாழும் ஐரீனின் கண் வழியாகச் சொல்கிறார். சிகாகோவின் ஆகஸ்ட் மாத வெயிலில் மயங்கி விழப்போகும் ஐரீனை டாக்சிக்காரர் ஒருவர் ஒரு பெரிய ஓட்டலின் மொட்டைமாடித் தேநீர்க் கூடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறார். குளிர்ந்த தேநீரை அருந்திக்கொண்டிருக்கும்போது, பக்கத்து மேசைப் பெண் தன்னையே உற்றுப் பார்ப்பதை அவள் உணர்கிறாள். கண்டுபிடித்துவிட்டாளோ என்ற பதற்றம் எழுகிறது. ஏனென்றால் அந்தக் கூடம் வெள்ளையருக்கு மட்டுமானது, அந்த நிமிடத்தில் ஐரீனும் கோடு கடந்துதான் உட்கார்ந்திருக்கிறாள். உற்றுப் பார்த்தவள் பால்யத் தோழி கிளேர். கோடு கடந்தவளைப் பற்றி நாவல் முழுக்கத் தீர்ப்புச் சொல்லப்போகும் ஐரீன், முதல் சந்திப்பிலேயே அதே குற்றத்தின் சிறு வடிவத்தைக் கையில் கண்ணாடிக் கோப்பையோடு செய்துகொண்டிருக்கிறாள் என்ற இந்த அமைப்பில்தான் நாவலின் முழு நுட்பமும் அடங்கியிருக்கிறது.

கிளேரின் கணவன் பெல்லூ கறுப்பரை வெறுப்பவன். நாளுக்கு நாள் கறுத்துவருகிறாள் என்று கேலி செய்து, மனைவியை ஓர் இழிசொல்லால் செல்லமாகக் கூப்பிடுபவன். அவன் சுற்றிப் பேசும் அந்த அறையில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், மூவரும் கறுப்பினத்தவர், மூவரும் சிரிக்கிறார்கள். ஐரீன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் சொல்லவில்லை. பின்னால் கிளேர் தன் இல்லறத்துக்கே ஆபத்து என்று எண்ணத் தொடங்கியபோதும் அவளால் வெளிப்படையாகக் காட்டிக்கொடுக்க முடியவில்லை. முன்னே சொன்ன எழுதப்படாத சட்டம் அவளைக் கட்டிப்போடுகிறது. அந்த நேரத்தில்தான் ரைன்லேண்டர் வழக்கு ஐரீனின் நினைவுக்கு வருகிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் செய்தித்தாள்களில் அடிபட்ட அந்த வழக்கை வாசகர்களும் மறந்திருக்க மாட்டார்கள். கிளேர் தானாக விழுந்தாளா, ஐரீனின் கை பட்டதா என்பதை லார்சன் சொல்லவில்லை. இந்த மௌனத்தைக் குறை என்று சொன்னவர்கள் உண்டு. என் வாசிப்பில், ஆவணமே இல்லாமல் வாழ்ந்த ஒருத்தியின் சாவுக்கும் ஆவணம் இல்லாமல் போவதே பொருத்தம்.

லாங்ஸ்டன் ஹியூஸ் 1934-இல் வெளியிட்ட தொகுப்பில் இதே தலைப்பில் மிகச் சிறிய கதை ஒன்று உண்டு. முழுக்க ஒரு மகனின் கடிதம். முந்தைய இரவு சிகாகோத் தெருவில், வெள்ளைக்காரக் காதலியோடு வந்துகொண்டிருந்த அவன், எதிரே வந்த தாயைத் தெரியாதவன்போலக் கடந்துபோனான். தாயும் அவனைத் தெரியாதவள்போல நடந்துபோனாள். அதற்காக அவன் அவளைப் பாராட்டி நன்றி சொல்கிறான். இனிமேல் அஞ்சல் பெட்டி முகவரிக்கு எழுதச் சொல்கிறான். தாயின் பதில் கதையில் இல்லை. கதை முழுக்கப் பேசுகிறவன் போனவன். வாசகர் மனத்தில் நிற்பவளோ, அந்த நடைபாதையில் மகனைப் பார்த்தும் கண்ணை விலக்கிக்கொண்டு போன தாய்.

திரைப்படம் இந்த விஷயத்தில் வெகுகாலம் தடுமாறியது. 1934-இல் வந்த 'இமிடேஷன் ஆஃப் லைஃப்' படத்தில் கோடு கடக்கும் மகளாக நடித்த ஃபிரெடி வாஷிங்டன் கறுப்பினத்தவர், சொந்த வாழ்வில் கோடு கடக்க மறுத்தவர். 1949-இல் வந்த 'பிங்கி' படத்திலோ அத்தகைய பாத்திரத்துக்கு வெள்ளை நடிகையையே போட்டார்கள். லார்சனின் நாவலை 2021-இல் படமாக்கிய ரெபெக்கா ஹாலின் தாய்வழித் தாத்தாவே கோடு கடந்தவர். அவர் படத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தது சரியான முடிவு. கறுப்பு வெள்ளைப் படத்தில் எந்த முகமும் முழுக் கறுப்பும் இல்லை, முழு வெள்ளையும் இல்லை. பார்வையாளர் அந்த ஜூரி அறையில் நின்றவர்களைப்போல முகங்களை அளந்து பார்க்கத் தொடங்கி, அளக்க முடியாமல் தோற்றுப்போகிறார்.

லார்சனும் ஹியூஸும் தங்கள் காலத்தை எழுதினார்கள். அந்தக் காலம் முடிந்தபிறகு, பின்னோக்கி எழுதப்படும் வரலாற்று நாவல்களில் கேள்வியே மாறிவிடுகிறது. அன்று வாசகரை நகம் கடிக்க வைத்தது, பிடிபடுவாளா என்ற கேள்வி. சட்டங்கள் ஒழிந்தபின் பிடிபடுவதற்கு முந்தைய பொருள் இல்லை. பிள்ளைகளிடம் என்ன மிஞ்சியது, பின்தங்கி நின்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்பவை முன்னுக்கு வருகின்றன. பிரிட் பென்னட் 2020-இல் வெளியிட்ட 'த வானிஷிங் ஹாஃப்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. லூசியானாவில் மல்லார்ட் என்ற கற்பனை ஊர். அங்கே வெளுத்த நிறமே பெருமை, ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிட வெளுக்க வேண்டும் என்பதே ஊரின் கனவு. அந்த வெளுப்பு யாரையும் காப்பாற்றவில்லை. இரட்டைச் சகோதரிகளான டெசிரேயும் ஸ்டெல்லாவும் சிறுமிகளாக இருந்தபோதே அவர்களுடைய தந்தையை வெள்ளையர் கும்பல் கொன்றுவிடுகிறது. 1954-இல் இருவரும் நியூ ஆர்லியன்ஸுக்கு ஓடுகிறார்கள். வெள்ளையர் என்று தவறாக எண்ணப்பட்டு ஸ்டெல்லாவுக்கு ஓர் அலுவலக வேலை கிடைக்கிறது, அந்தத் தவறை அவள் திருத்தவில்லை. ஒருநாள் காணாமல் போய்விடுகிறாள். பெரிய முடிவெடுத்து யாரும் கோடு கடப்பதில்லை, ஒரு திருத்தத்தைச் செய்யாமல் விடுவதிலிருந்து அது தொடங்குகிறது என்பதைப் பென்னட் நன்றாகக் காட்டுகிறார்.

நாவலின் கூர்மையான பகுதி லாஸ் ஏஞ்சலஸில் நடக்கிறது. ஸ்டெல்லா வாழும் வெள்ளையர் குடியிருப்பில் கறுப்பினக் குடும்பம் ஒன்று வீடு வாங்க வருகிறது. குடியிருப்போர் கூட்டத்தில் எல்லோரையும்விட உரக்க எதிர்ப்பவள், அதுவரை வாயே திறந்திராத ஸ்டெல்லா. கணவனுக்கு வியப்பு, வாசகருக்கு வியப்பில்லை. வெள்ளைக்கார அண்டைவீட்டார் அவளை ஒருபோதும் கண்டுபிடிக்கப்போவதில்லை, எதிர்வீட்டுக்கு வரும் பெண் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள். பிறகு அதே பெண்ணின் வீட்டுக்கு யாருக்கும் தெரியாமல் போய்வரத் தொடங்குகிறாள், ஏனெனில் பல ஆண்டுகளாகப் பூட்டி வைத்த பேச்சும் சிரிப்பும் அங்கேதான் வெளிவருகின்றன. தனக்கு அச்சமூட்டும் ஒரே இடமே ஆறுதலான ஒரே இடமாகவும் இருக்கும் இந்த நிலையை எந்தப் பதிவேடும் சொல்ல முடியாது.

மேரி பெனடிக்டும் விக்டோரியா கிறிஸ்டஃபர் மரேயும் சேர்ந்து 2021-இல் எழுதிய 'த பர்சனல் லைப்ரேரியன்' எனக்கு இந்த அளவு நிறைவளிக்கவில்லை. செல்வந்தர் ஜே. பி. மார்கனின் நூலகத்தை 1905 முதல் கட்டியெழுப்பிய பெல் டா கோஸ்டா கிரீன் என்ற உண்மையான மனிதரைப் பற்றியது அது. ஹார்வர்டில் 1870-இல் பட்டம் பெற்ற முதல் கறுப்பின மாணவர் ரிச்சர்ட் கிரீனரின் மகள் அவர். போர்ச்சுகீசிய வழியினர் என்று சொல்லும்படி 'டா கோஸ்டா' என்பதைப் பெயரில் சேர்த்துக்கொண்டு, அரிய சுவடிகளின் உலகில் கொடிகட்டிப் பறந்தார். 1950-இல் இறப்பதற்கு முன் தம் தனிப்பட்ட தாள்களை அழித்துவிட்டார். 1999-இல் வந்த மார்கனின் வாழ்க்கை வரலாறு ஒன்றில்தான் அவருடைய பிறப்பு வெளிப்பட்டது. சுவடிகளைப் பாதுகாப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட ஒருவர் தம் சுவடிகளைத் தாமே எரித்தார் என்பதில் எவ்வளவு பெரிய நாவல் இருக்கிறது! ஆனால் இந்த நூல் அவரைத் தன்மையில் பேச வைத்து, ஒவ்வொரு அச்சத்தையும் மனச்சான்றின் உறுத்தலையும் இன்றைய வாசகருக்கு விளங்கும் சொற்களில் விளக்கிவிடுகிறது. எரித்தவரின் விருப்பத்தை மீறுவது தவறென்று நான் சொல்லவில்லை. எரித்தது ஏன் என்பதை அவருக்கே முழுதாகத் தெரிந்திருந்ததுபோல எழுதுவதுதான் இடறுகிறது. லார்சன் காத்த மௌனத்தின் மதிப்பு இங்கே புரிகிறது.

தென்னாப்பிரிக்காவில் 1950-இன் மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஓர் இனப் பிரிவில் அடைத்தது. தலைமயிரில் பென்சிலைச் செருகி, அது நிற்கிறதா விழுகிறதா என்று பார்த்து இனம் தீர்மானித்த கொடுமையும் நடந்தது. அங்கே கோடு கடந்தவர்களை 'பிளே-வொயிட்', அதாவது வெள்ளையராக நடிப்பவர், என்று அழைத்தார்கள். ஸோயி விக்கோம் 2006-இல் எழுதிய 'பிளேயிங் இன் த லைட்' நாவலில், இன ஒதுக்கல் முடிந்த கேப் டவுனில் பயண முகவர் நிறுவனம் நடத்தும் மேரியன், தன் பெற்றோர் கோடு கடந்தவர்கள் என்பதை நடுவயதை நெருங்கும்போது கண்டறிகிறாள். சிறுவயதில் வீட்டுக்கு வந்துபோன, தன்மேல் அளவற்ற அன்பு வைத்திருந்த டோக்கி என்ற கிழவி வேலைக்காரி என்றே அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. டோக்கி அவளுடைய பாட்டி. மகளின் வீட்டுக்குள் நுழைய, பெற்ற தாய் வேலைக்காரியாக வேடமிட வேண்டியிருந்தது.

மேரியனின் அலுவலகத்தில் பணிபுரியும் பிரெண்டா, கலப்பினப் பிரிவில் வைக்கப்பட்ட குடும்பத்துப் பெண், எழுத்தார்வம் உள்ளவள். மேரியன் ஊரில் இல்லாத நாட்களில் அவளுடைய தந்தையிடம் போய்ப் பேசி, அவர் கதையை எழுதத் தொடங்கியிருக்கிறாள். இதை அறிந்த மேரியனுக்குக் கோபம் பொங்குகிறது. உன் கதையை நீ எழுத வேண்டியதுதானே என்று கேட்கிறாள். தனக்கு என்ன கதை இருக்கிறது, வெளுத்த தோலை முதலாகப் போட்டு வாழ்ந்த உன் தந்தையிடம்தான் கதை இருக்கிறது என்கிறாள் பிரெண்டா. மேரியன் காரை விட்டு அவளை இறங்கச் சொல்கிறாள், என் தந்தையின் கதை எனக்குத் தெரியும் என்கிறாள். தெரியாது என்றே தனக்குத் தோன்றுகிறது என்று பிரெண்டா சொல்வதோடு நாவல் முடிகிறது.